பால் தொட்டி ராணிக்கு ஒரு கூட்டம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அம்மா இன்னும் மூத்த மகளோடு பேசவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

பேசவில்லை என்றால் வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு அது ஆகிற காரியமில்லை. மூத்தவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்பிடம் சொன்னாள். அடுப்பு காதில் வாங்காவிட்டால் ஜன்னலிடம் சொன்னாள். இன்று காலையில் பால் பாத்திரத்தைப் பார்த்து, "காபி ஆறுது, குடிக்கிறவங்க குடிக்கலாம்" என்றாள். மூத்தவளும் அதே பாத்திரத்தைப் பார்த்து, "குடிச்சாச்சு" என்றாள். பாத்திரம் பாவம், இரண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். முப்பத்தொரு புத்தகங்கள். அவற்றில் ஊரே அறிந்தது 'பால் தொட்டி ராணி'. எழுதி நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. கதை அம்மாவுடையது, படம் அப்பா போட்டது. அப்பா போய் ஒன்பது வருஷம். அவர் தொடங்கிய அச்சகத்தை மூத்தவளின் தம்பி பார்த்துக்கொள்கிறான். மூத்தவள் நகர நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவி.

மூன்று வாரத்துக்கு முன் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'பால் தொட்டி ராணி'யைக் குழந்தைகள் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. அப்படி ஒரு கடிதம் வந்தால் குழு கூடிப் பேச வேண்டும், முடிவில் பிரிவுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். இது நூலகத்தின் விதி. அம்மாவுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று மூத்தவளால் இருக்க முடியாது. கூட்டம் இன்று மூன்று மணிக்கு.

"பெத்தவ புத்தகத்தை நீயே கூட்டம் போட்டுத் தூக்கப் போறே, அப்படித்தானே?" என்று ஐந்து நாளுக்கு முன் அம்மா கேட்டாள். அதுதான் மூத்தவளின் முகம் பார்த்து அவள் கடைசியாகப் பேசியது. அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால் தனக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பாளா என்பதுதான் மூத்தவளின் கவலை. வேறு எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

கதை என்ன என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அரண்மனைச் சமையலறையில் ஒரு பெண். கரி மாதிரி கறுப்பு. பெயரே கரிக்கட்டை. அவளைப் பார்த்தால் பறவைகள் பயந்து பறந்துவிடும். சர்க்கரை ஜாடி தினமும் குறையும், அவள்தான் திருடுகிறாள். ஒரு நாள் தேவதை வந்து அவளைப் பால் தொட்டியில் முக்கி எடுக்கிறாள். பெண் வெளுத்துவிடுகிறாள். வெளுத்தவுடன் திருட்டும் நின்றுபோகிறது, பறவைகள் தோளில் வந்து உட்காருகின்றன, இளவரசன் குதிரையில் வருகிறான். பால் தொட்டியிலிருந்து அவள் எழுந்து நிற்கும் படத்தை அப்பா இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்தார். அந்தப் படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டாத வீடு அந்த நாளில் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அம்மாவுக்கும் தம்பிக்கும் தெரியாது. வந்த கடிதத்தில் பெயர் இல்லை. 'ஒரு வாசகி' என்று மட்டும் இருந்தது. ஆனால் இரண்டு தாளும் குண்டூசியால் குத்தப்படாமல் நடுவில் மடித்து, மூன்று துளை போட்டு, மெழுகு நூலால் தைக்கப்பட்டிருந்தன. முடிச்சு உள் பக்கம். நுனியை ஒட்ட நறுக்கி, மெழுகால் அமுக்கி வைத்திருந்தது. குழந்தையின் விரலில் முடிச்சு உறுத்தக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்த தையல் அது. அந்த அச்சகத்தைத் தவிர வேறு எங்கும் யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள்.

அச்சகத்தில் அப்படித் தைக்கிற கை ஒன்றே ஒன்றுதான் இப்போது மிச்சம். எப்போதும் சட்டைக் கழுத்தில் ஒரு ஊசி செருகியிருப்பதால் எல்லோரும் ஊசி அக்கா என்று கூப்பிடும் பைண்டிங்காரி. பெயரை மறைக்க அவ்வளவு யோசித்தவளுக்குத் தாளைத் தைக்காமல் அனுப்ப மட்டும் கை வரவில்லை.

மூத்தவள் கடிதத்தைக் கையில் வாங்கிய நொடியிலேயே புரிந்துகொண்டாள். உடனே தட்டச்சு செய்து நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். காரணம் தம்பி, அவன் குணம் அவளுக்குத் தெரியும். அவள் நினைத்தபடியே, விஷயம் காதுக்கு வந்ததும் எழுதினது யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன், அது நம்ம ஆள் யாராவதாக இருந்தால் அவங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று அவன் அச்சகத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். ஊசி அக்கா அப்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாளாம்.

இனி இன்றைக்கு வருவோம்.

மதியம் இரண்டு மணிக்கு அம்மா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எழுதியவருக்குப் பத்து நிமிஷம் பேச உரிமை உண்டு என்று அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அம்மா நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், இந்தக் காலத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள் என்பது சாரம். மூன்று இரவு உட்கார்ந்து அடித்துத் திருத்தியிருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே வாசலில் இறங்கி, ஒரே நிறுத்தத்தில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா முன்னால் உட்கார்ந்தாள், மூத்தவள் பின்னால். அம்மா கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவர் பின்னால் வந்து, "உங்களைத் தூங்கிடாம லைப்ரரியில இறங்கச் சொன்னாங்க, முன்னாடி இருக்கிற அம்மா. ரெண்டு நாளா நீங்க சரியாத் தூங்கலையாம்" என்றார். மூத்தவள் சரி என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கூட்டத்துக்குக் காலியாகக் கிடைத்தது குழந்தைகள் வாசிப்பறை மட்டும்தான். அங்கே இருக்கும் நாற்காலிகள் ஆறு வயதுக்காரர்களுக்குச் செய்தவை. பள்ளித் தலைமையாசிரியரும், குழந்தைகள் டாக்டரம்மாவும், பெற்றோர் சார்பாக வந்த வக்கீலும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் பழக்கப்பட்டவள் போலக் காலைப் பக்கவாட்டில் மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வருஷமாகக் குழந்தைகளோடு உட்கார்ந்தவள் அல்லவா!

தலைமையாசிரியர்தான் முதலில் ஆரம்பித்தார். ஆயிரம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தானே வாசித்துக் காட்டியிருப்பதாகச் சொன்னார். சிரிப்பார்கள், கை தட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். "நாமெல்லாம் இதைப் படிச்சுத்தானே வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்றார். அவரும் நல்ல கறுப்பு.

டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சின்ன வயசுல பள்ளிக்கூடத்தில் உங்களைப் பசங்க எப்படிக் கூப்பிடுவாங்க சார் என்று கேட்டாள். அவர் சிரித்தார். அதெல்லாம் பசங்க விளையாட்டு என்றார். இல்லை, எப்படிக் கூப்பிடுவாங்க என்று மறுபடி கேட்டாள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை, வைத்தார்.

"கரிக்கட்டை," என்றார்.

வக்கீல் விடுகிற ஆள் இல்லை. இன்றைக்கு இதை எடுத்தால் நாளைக்கு எதை எடுப்பீர்கள், யார் முடிவு செய்வது, பிடிக்காததையெல்லாம் ஒளித்துவைத்தால் பிள்ளைகள் எதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள் என்று கேட்டார். முன்பக்கத்தில் ஒரு குறிப்பு அச்சடித்து ஒட்டிவிட்டு அப்படியே வைத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டரம்மா, ஆறு வயசுக் குழந்தை குறிப்பைப் படிக்காது, படத்தைத்தான் பார்க்கும் என்றாள். இதிலும் நியாயம் இருந்தது. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு தன்னிடம் வருகிற குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த ஒரு பையனைப் பற்றியும் சொன்னாள்.

மூத்தவள் குறித்துக்கொண்டே இருந்தாள். அம்மா பக்கம் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எழுதியவர் பேசலாம் என்று அறிவித்ததும் அம்மா கைப்பையைத் திறந்து தன் நாலு பக்கத்தை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். பிறகு மேஜையில் இருந்த கடித நகலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராக மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"இது நகல். மூலம் எங்கே?"

ஐந்து நாளில் அவளிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. மூத்தவளுக்குச் சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று தெரியவில்லை. நகலில் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட விடவில்லை என்றாள்.

"நகலை வெச்சு நான் எதையும் சரிபார்த்ததே இல்ல. உங்க அப்பாவும் விட்டதில்ல. மூலத்தைக் கொண்டா."

கேட்டால் காட்ட வேண்டும், அதுவும் விதியில் இருக்கிறது. மூத்தவள் எழுந்து போனாள். இழுப்பறைப் பூட்டைத் திறக்க மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது. கடிதத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா முதலில் படிக்கவில்லை. தாளைத் திருப்பினாள். நடு மடிப்பில் கட்டை விரலை வைத்து, மெதுவாக மேலிருந்து கீழே தடவினாள். உள் பக்கம் முடிச்சு இருக்கும் இடத்தில் விரல் நின்றது. தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் அம்மா படிக்கத் தொடங்கினாள். கடிதத்தில் இருந்தது இதுதான்.

'நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் புத்தகம் பால் தொட்டி ராணி. இன்றைக்கும் பார்க்காமல் சொல்லுவேன். என் மகளுக்கு ஏழு வயது. என் நிறம்தான். போன மாதம் அவள் வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி காணாமல் போனது. முதலில் என் மகளின் பையைத்தான் கவிழ்த்துப் பார்த்தார்கள். பெட்டி வேறு ஒரு மேஜைக்கு அடியில் கிடைத்தது. அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து போனபோது அவள் குளியலறையில் பெரிய வாளிக்குள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்த பாலையெல்லாம் அதில் ஊற்றியிருந்தாள். வெள்ளையாக ஆசையா என்று கேட்டேன். இல்லை என்றாள். இனிமேல் நான் திருட மாட்டேன் இல்லையா அம்மா என்று கேட்டாள். அவள் இதுவரை எதையும் திருடியதில்லை. எனக்குப் புத்தகத்தின் மேல் கோபம் இல்லை, நன்றிதான் இருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் அலமாரியில் இது வேண்டாம். இப்படிக்கு ஒரு வாசகி.'

அம்மா இரண்டாவது முறையும் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தையும் நாலாக மடித்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டாள். வக்கீல், "நீங்க தாராளமா பேசலாம்மா, நேரம் இருக்கு" என்றார்.

"பேசத்தான் வந்தேன். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்கன்னு சொல்ல வந்தேன். அது பொய்யில்ல," என்றாள் அம்மா. "ஆனா எனக்குத் தெரியும், நான் ஏன் அப்படி எழுதினேன்னு. கதையில ஒரு திருடி தேவைப்பட்டா. கறுப்புன்னு ஒரு வார்த்தை போட்டேன், மிச்சத்தைப் படிக்கிறவங்களே நம்பிக்கிட்டாங்க. அவ ஏன் திருடினா, பசியா, வேற என்ன, நான் ஒண்ணும் யோசிக்கல. யோசிக்காம எழுதினது அது ஒண்ணுதான், அதுதான் அதிகம் வித்துச்சு."

கடிதத்தின் மேல் கையை வைத்தாள்.

"இந்தப் பொண்ணு, இந்த வாசகி, நான் எழுதினதை நான் படிச்சதைவிட நல்லாப் படிச்சிருக்கா. நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கேன். புத்தகத்தை எடுத்துடுங்க. நானே சொல்றேன்."

வக்கீலுக்கு மனசு ஒப்பவில்லை. யாரும் கட்டாயப்படுத்தி இதைச் சொல்ல வேண்டாம் என்றார். அம்மா அவருக்கும் நன்றி சொன்னாள். ஒளித்து வைப்பது தனக்கும் பிடிக்காது, ஒரு பிரதி மட்டும் பெரியவர்கள் பிரிவில் இருக்கட்டும், நான் என்ன எழுதினேன் என்று கேட்கிறவர்கள் பார்க்கட்டும், கூடவே இந்தக் கடிதத்தின் நகலையும் வையுங்கள் என்றாள். நகல் என்கிற சொல்லை அழுத்திச் சொன்னாள். மூலத்தை மூத்தவளின் கையில் கொடுத்து, பத்திரமாக வை என்றாள்.

டாக்டரம்மாவும் வக்கீலும் ஒத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் எந்தப் பக்கமும் சேரவில்லை. என் கருத்து இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். போகும்போது அலமாரி முன்னால் நின்று அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டுப் போகவும் இல்லை, கேட்டு எடுத்துப் போகவும் இல்லை. மூத்தவள் அவரை அவர் போக்கில் விட்டுவிட்டாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் கடைசி வரி. மூத்தவள் பேனாவை வைத்தாள். தாள் மேஜையில் வழுக்கியது. அம்மா கையை நீட்டி அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் கோடு போட்ட நோட்டைப் பிடித்துக்கொள்வாளே, அதே மாதிரி.

"போடு," என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். அம்மாதான் ஆரம்பித்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கடிதம் வந்த அன்னிக்கே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன் முகத்துல எதுவும் மறையாதும்மா. தம்பி அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான். அதுக்கப்புறம் நீ அடுப்போடதானே பேசினே."

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நாள் அநியாயமாய் உன்னை வாட்டிட்டேன் என்றாள். பரவாயில்லை என்று மூத்தவள் சொல்லவில்லை. அவளும் மனுஷிதானே. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. அம்மா இன்னும் தனக்கு இருக்கிறாள் என்கிற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. எதிரே இருந்த யார் யாருக்கோ, கண்டக்டருக்கு, டிரைவருக்கு எல்லாம் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

அச்சகத்தில் நுழைந்தபோது மணி நாலரை. அடுத்த பள்ளி ஆண்டுக்காக மறுபதிப்பு போட்டிருந்தார்கள். மூவாயிரம் பிரதிக்கான தாள்கள், மடித்து அடுக்கியபடி, ஊசி அக்காவின் மேஜையைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றன. எல்லாம் 'பால் தொட்டி ராணி'தான். அதற்கு நடுவில் உட்கார்ந்து அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நூல் பாதியில் நின்றது.

தம்பி தன் அறையிலிருந்து ஓடி வந்தான். என்ன ஆச்சு என்று மூத்தவளைக் கேட்டான். எடுத்தாச்சு என்று அம்மா சொன்னாள். நான்தான் எடுக்கச் சொன்னேன், இந்தப் பதிப்பும் வெளியே போக வேண்டாம் என்றாள்.

அவன் கோபப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

"அது அப்பா போட்ட படம்மா."

"அப்பா என்ன பண்ணுவார், நான் எழுதினதைப் போட்டார். எழுதினது நான்."

அவன் தாள் அடுக்கைப் பார்த்தான். மேல் தாளில் அந்தப் பெண் தொட்டியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அப்புறம்தான் கோபம் வந்தது. யார் எழுதினது அந்தக் கடிதம், அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டான். ஒரு வாசகி என்றாள் அம்மா. பெயர் இல்லையா என்றான். எனக்கு வாசகி என்கிற பெயரே போதும் என்றாள்.

அப்போது ஊசி அக்கா எழுந்து நின்றாள். சட்டைக் கழுத்திலிருந்த ஊசியை எடுத்து மேஜை மேல் இருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள். அது அவள் நாள் முடிந்தால் மட்டும் செய்கிற காரியம்.

"நான்தான் எழுதினேன், தம்பி."

மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். தம்பி அவள் மேஜை அருகே வந்தான். பதினெட்டு வருஷமா இங்கே உட்கார்ந்திருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா என்றான்.

"சொன்னேன் தம்பி. போன மாசம், உங்க அறைக்கே வந்து சொன்னேன். கதையில அந்தத் திருட்டை மட்டுமாவது எடுத்துடலாமான்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க. 'பழைய புத்தகம் அக்கா, அதுல கை வைக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு மறுபடி போன்ல பேச ஆரம்பிச்சிட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. திரும்பி அறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மூத்தவள் கதவு வரைக்கும் போய், தட்டக் கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டாள்.

அம்மா தாள் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து ஊசி அக்காவின் முன்னால் போய் நின்றாள். ஊசி அக்கா, வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் வருத்தமில்லை என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயைப் பொத்துகிற மாதிரி கையை நீட்டினாள்.

"ரொம்ப நன்றி, ஊசி. இதைச் சொல்லத்தான் நேரா இங்கே வந்தேன்."

"நீங்க ஏம்மா எனக்கு நன்றி சொல்றீங்க," என்று ஊசி அக்கா அழுதுவிட்டாள். "இந்த மேஜைக்கு வந்தப்போ எனக்கு என் பேரைக்கூட எழுதத் தெரியாது. உங்க புத்தகத்தைத் தைச்சுத் தைச்சுத்தான் படிக்கக் கத்துக்கிட்டேன். படிக்கத் தெரியாம இருந்திருந்தா இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்."

அம்மாவும் அழுதாள். மெஷின்காரர் முகத்தைத் துடைக்க எண்ணெய்த் துணியை எடுத்துவிட்டு, நெற்றியெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார். அதைப் பார்த்து அழுகிறவர்களுக்கே சிரிப்பு வந்தது. பிறகு அம்மா, உன் மகளை நான் பார்க்க வேண்டும், இப்போதே போகலாமா என்று கேட்டாள்.

ஊசி அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். ஏறுவதற்குள் அம்மா இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேல் மாடி நடையில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வாசல்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, அவள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வதற்காக. சிறுமியின் நாக்கு நுனி வெளியே எட்டிப்பார்த்தது. பெருக்கல் கணக்கு போல.

ஊசி அக்கா அறிமுகம் செய்துவைக்க வாயெடுத்தாள். அம்மா தடுத்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சிறுமியின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"பால் தொட்டி ராணி கதை தெரியுமா உனக்கு? அதை எழுதினது நான்தான்."

"தெரியும்," என்றாள் சிறுமி. "புத்தகத்துக்குப் பின்னாடி உங்க போட்டோ இருக்கு. அதுல உங்களுக்கு முடி நிறைய இருக்கும்."

மூத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"அதுல நான் ஒரு பொய் எழுதிட்டேன்மா. அந்தப் பொண்ணு சர்க்கரையைத் திருடல. எடுத்தது அவ இல்ல."

சிறுமி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பால்ல குளிச்ச பிறகா?"

"குளிக்கிறதுக்கு முன்னாடியும் திருடல. எப்பவுமே திருடல. அவளை யாரும் பால்ல முக்க வேண்டிய அவசியமே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், உன்கிட்ட மன்னிப்புக் கேட்கவும்."

சிறுமி தன் அம்மாவைப் பார்த்தாள். ஊசி அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். சிறுமி கொஞ்ச நேரம் நோட்டின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். மன்னிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது.

"அப்போ சர்க்கரையை யாரு எடுத்தா?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எழுதியவள் அவள், அரண்மனையைக் கட்டியவள் அவள், சமையலறையில் ஜாடியை வைத்தவளும் அவள்தான். நாற்பத்து மூன்று வருஷமாக ஜாடி குறைந்துகொண்டே இருந்திருக்கிறது.

"தெரியலம்மா," என்றாள். "நான் அப்போ வேற யாரையும் தேடவே இல்ல."

சிறுமி வாசல்படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அம்மா உட்கார்ந்தாள். சிறுமி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்து, நாக்கால் ஒரு முறை நனைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லுங்க. அந்த அரண்மனையில மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்க?"